சட்டையில் ஒட்டிய மாவு

மாவு மில் வைத்திருப்பவனுக்கு வெள்ளைச் சட்டைதான் வசதி, மேடம். எவ்வளவு மாவு படிந்தாலும் வெளியே தெரியாது. மந்தைவெளியில் என் மில்லுக்கு அரைக்க வருகிற பெண்களெல்லாம், ரகுபதி எப்போதும் பளிச்சென்று இருக்கிறான் என்பார்கள். அந்தச் சட்டையில்தான் முதல் தப்பு நடந்தது. அதிலிருந்து சொன்னால்தான் வளைகாப்பன்று நான் செய்தது உங்களுக்கு நியாயமாகப் படும்.

என் மனைவி தேவானைக்கு ஐந்தாம் மாதச் சோதனையில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தது. அடையாறில் டாக்டர் ஜலஜா, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். இந்தக் கொஞ்சம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. எதைச் செய்தாலும் முழுதாகச் செய்கிறவன் நான். அன்று மாலையே வீட்டிலிருந்த அரிசிப் பானையை மில்லுக்குத் தூக்கிப் போய்விட்டேன். இட்லி, தோசை, உப்புமா, உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

அவளைப் பட்டினி போட்டேன் என்று என் மாமியார் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் சொல்லியிருப்பார். அபாண்டம். காலையில் முட்டை, மதியம் நானே நொச்சிக்குப்பம் போய் வாங்கி வந்த மீன், ராத்திரி கீரை. மறுநாளும் அப்படியே. வாசலில் அரிசி மாவால் கோலம் போட்டால் கை வாய்க்குப் போகும் என்று சுண்ணாம்புப் பொடி வாங்கிக் கொடுத்தேன். எறும்புகள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. “எறும்புக்கும் சக்கரை கீதாய்யா?” என்று தேவானை கேட்டாள்.

அடுத்த மாதம் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் மற்ற கர்ப்பிணிகள் எதிரிலேயே, “புருஷன்னா இவர் மாதிரி இருக்கணும்” என்றார். மேடம், நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு வாத்தியார்கூட என்னைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் தேவானை என்னிடம் ரொம்பவும் ஆசையாக ஆனாள். மில்லை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவருகிலேயே கழுத்தைக் கட்டிக்கொள்வாள். காது மடலில் முத்தம் கொடுப்பாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. நான் பூரித்துப் போயிருந்தேன். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் ஒரு காது மாவு படிந்து வெள்ளையாக இருக்கிறது, இன்னொன்று கழுவிவிட்ட மாதிரி கறுப்பாக இருக்கிறது. சந்தேகம் வந்து, அவிழ்த்துப் போட்ட சட்டையை எடுத்துப் பார்த்தேன். காலர் ஈரமாக இருந்தது. பையை வெளியே இழுத்து, மூலைத் தையலில் இருந்த மாவைக்கூட நக்கியிருந்தாள்.

நான் கோபப்படவில்லை. மாவை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் தவறு. மறுநாளிலிருந்து மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அரைத்தேன். அப்போது கத்திரி வெயில். பறக்கும் ரயில் பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த ஆட்கள், “இன்னா நைனா, மழை எங்க கீது?” என்று கேட்டார்கள். மில்லிலேயே குளித்து, காதைப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். தேவானை கதவருகில் வந்தாள். என்னை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கோடம்பாக்கத்திலிருந்து மாமியார் சுந்தரவல்லி ஐந்து குண்டான்களில் சோறு செய்து ஆட்டோவில் கொண்டுவந்தார். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தன்னோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அங்கே போனால் மூன்று வேளையும் சோறுதான். நான் கட்டிக்காத்தது எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். மாமியாரிடம் தன்மையாகவே எடுத்துச் சொன்னேன். “மாசமா கீற பொண்ணு ஒரு பிடி துன்னா உன் மில்லு நின்னுடுமா?” என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் சமையலறைக்குப் போனேன். மில் மெஷினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் எடுத்துவந்து வைத்திருந்தேன். ஐந்து குண்டானிலும் ஊற்றிக் கிளறினேன். பொங்கலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். விஷம் வைத்தான் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். அந்த நாற்றத்துக்கு நாய்கூடக் கிட்டே வராது. யாரும் சாப்பிடக் கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணம்.

அப்படியேதான் நடந்தது. மூடியைத் திறந்ததும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் என்னைத் திட்டினார். நான்தான் ஊற்றினேன் என்று அப்போதே ஒப்புக்கொண்டேன். அந்தக் கூச்சலில் தேவானையை யாரும் கவனிக்கவில்லை. புளிசாதக் குண்டானைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள். மாமியார் கதவை இடித்தார், கெஞ்சினார். உள்ளே வளையல் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

“இரும்மா,” என்றாள் தேவானை. “இன்னும் கொஞ்சந்தான் கீது.”

கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம், எடைதான் போதவில்லையாம். இப்போது அவள் கோடம்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வளைகாப்புக்கு முந்தின வாரம் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சர்க்கரை சரியாகிவிட்டது, குழந்தைதான் வளரவில்லை, இன்றைக்கே வயிறு நிறையச் சோறு போடுங்கள் என்றார். சோறு போட்டுவிட்டால் பிறகு எதற்காக என்னைப் பாராட்டப் போகிறார்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேவானை, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க என்று ஆவலாகக் கேட்டாள். “புருஷன்னா உன் புருஷன் மாதிரி இருக்கணுமாம்” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வளைகாப்பு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தேவானையும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போயிருக்கிறாள். என் மேல் கோபம் இருந்தால் முறையை இவ்வளவு சரியாகச் செய்வாளா, மேடம்.