சீற்றுக்குக் கீழே ஒரு ஸ்பிறிங்

“அந்தச் சீற்றிலை இருக்கிறது என்ரை மனுசனோ, நெல்லு மூட்டையோ?”

சுன்னாகத்தில் மினிபஸ் ஏறிய பெண், முன்சீற்றிலிருந்த மெக்கானிக்கைக் கண்டதும் கேட்டாள். அவள் கணவர் பள்ளிக்கூட மைதானத்தில், ஏறியிருந்து ஓட்டும் மெசினில் புல்லு வெட்டுகிறவராம். அந்த மெசின் சீற்றைத் திருத்திக் கொடுத்தவர் இந்த மெக்கானிக்.

“என்னக்கா, ஸ்பிறிங்கை நல்லா இறுக்கித்தானே விட்டனான்.”

“இறுக்கினதுதான் பிழை! ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு இடுப்பிலை, நாரியிலை அடிக்குது. ஒப்பரேசன் செய்த நாரியெண்டு சொன்னனானெல்லோ?”

“நானே ஏறியிருந்து ஓடிப் பாத்தனான். மெத்தை மாதிரி இருந்தது.”

பஸ்ஸில் இருவருக்கான சீற்றை மெக்கானிக் தனியாக நிரப்பியிருந்தார்.

“உம்மடை உடம்புக்கு மெத்தைதான். ஈர்க்கு மாதிரியான அந்த மனுசனுக்கு அது கல்லு!”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“சிரியாதேங்கோ! மூண்டு நாளாப் பாயிலை கிடக்கிறார். திங்கக்கிழமை புல்லு வெட்டாட்டில் வேறை ஆளைப் போடுவினம்.”

“நாளைக்கு வந்து இளக்கி விடுறன்.”

“நாளைக்கோ?”

பஸ் நின்றது. மெக்கானிக்கின் மடியிலிருந்த ஸ்பானர் பையைப் பறித்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

“அக்கா, நான் பருத்தித்துறைக்கெல்லோ ரிக்கெற் எடுத்தனான்!” என்று கத்திக்கொண்டு அவரும் இறங்கினார்.

அவள் பையோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“அவர் ஏறியிருந்து நோகேல்லையெண்டு சொன்னாப் பிறகு போம்!”