தம்பி சரிசெய்த லேப்டாப்

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் பஸ். முன் சீட்டில் மடியில் துணிப்பையோடு இருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எந்தம்பி லேப்டாப்ப சரி பண்ணி என் ஜாக்கெட்ட கெடுத்துட்டான்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"அவனுக்கு ஸ்கூல்ல குடுத்த பழைய லேப்டாப்பு. தையல் வீடியோ வெச்சா நின்னு நின்னுதான் ஓடும். அது நிக்கிறப்பல்லாம் நான் துணிய வெட்டிப்பேன். அப்படியேதான் தையல் கத்துக்கினேன்."

"செரி."

"நேத்து வந்தான். நிக்காம ஓடணும்னு வீடியோ கிளாரிட்டிய கம்மி பண்ணி வெச்சுட்டான். தண்ணி மாதிரி ஓடுது! நானும் கூடவே ஓடி, நாத்தனார் கல்யாணத்துக்குப் போட்டுக்குற ஜாக்கெட்டுல ரெண்டு கையையும் வலது கையாவே வெட்டிட்டேன்."

"நிறுத்தி நிறுத்திப் பாக்குறதுதான?"

"நிறுத்துறதுக்குப் பட்டன் இருக்குதுன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்? இத்தினி வருசமா அதுவேதான நின்னுது!"