லாரி ட்யூபில் ஐந்து நிறங்கள்

என் காருக்குத் திருமயம் பைபாஸில்தான் காற்றுப் பிடிப்பேன். அங்கே கூட்டம் இருக்காது. பஞ்சர் கடைக்காரர் அய்யாக்கண்ணு என்னை நிற்க வைக்க மாட்டார். அவர் மகள் செல்வராணி என்னிடம் ஆராய்ச்சி செய்தவள்.

விசாரணைக் குழுவில் கணிதம் படிக்காதவர்களும் இருக்கிறீர்கள். எளிதாகவே சொல்கிறேன். தாளில் எந்த வரைபடம் போட்டாலும், ஒட்டியிருக்கும் பகுதிகள் ஒரே நிறமாகாமல் தீட்ட நான்கு நிறம் போதும். லாரி ட்யூபின் மேல் வரைந்தால் ஏழு வரை வேண்டியிருக்கும். அதில் ஒரு வகை வரைபடங்களுக்கு ஐந்தே போதும் என்று நான் நினைத்தேன். அதை நிரூபிக்க என் இளமையைக் கொடுத்தேன். வரவில்லை.

செல்வராணி ஒருநாள் காற்றடித்த லாரி ட்யூபோடு வந்தாள். மேலெல்லாம் ஐந்து நிற எனாமல் பெயின்டில் கட்டங்கள். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். என் மேசைமேல் வைத்து உருட்டிக் காட்டினாள். பிறகு நிரூபணத்தை எழுதிக் கொடுத்தாள்.

ஒருத்தி பஸ்ஸில் ட்யூபோடு வந்து முடித்துவிட்டுப் போவதற்காக நான் அத்தனை ஆண்டுகள் உழைக்கவில்லை.

அன்று மாலையே படித்தேன். மறுநாள், "எங்கேயோ ஓட்டை இருக்கும்மா" என்றேன்.

"எங்கிட்டு சார்?"

"நீதான் கண்டுபிடிக்கணும். அதுதான் ஆராய்ச்சி."

சிரித்தாள். "எங்கப்பாவா இருந்தா தண்ணித்தொட்டியில அமுக்கிப் பாத்துருவாரு சார். காத்து முட்டை விடுற எடத்துல சாக்பீஸால ஒரு வட்டம். அம்புட்டுத்தான்."

தேடினாள். வரும்போதெல்லாம் தாளைப் புரட்டி, "இன்னும் இருக்கு" என்றேன். குரலை உயர்த்தியதில்லை. பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். அய்யாக்கண்ணு கல்லூரிக்கே வந்தார்.

"பாஸோ பெயிலோ, ஒண்ணச் சொல்லிருங்க சார். புள்ள சோறு திங்க மாட்டேங்குது."

பொறுமை வேண்டும் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அவளுடைய பதிவுக் காலம் முடிந்தது. நீட்டிக்க என் கையெழுத்து வேண்டும். பிழை இருக்கும் ஆய்வுக்குக் கையெழுத்துப் போடுவது முறையல்ல.

இப்போது அவள் கடையில்தான் இருக்கிறாள். பஞ்சர் ஒட்ட வரும் ட்யூப்களுக்கெல்லாம் நிறம் தீட்டிவிடுகிறாள். "ஏன் தாயி, இதென்ன மாட்டுக் கொம்பா, பெயின்ட் அடிக்கிறே?" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். நிமிர மாட்டாள். என் கார் வந்தால் மட்டும் எழுந்து வருவாள்.

"கிட்ட வந்துட்டேனா சார்?"

"கிட்டத்தான்மா" என்பேன். அவளுக்கும் ஒரு நம்பிக்கை வேண்டுமல்லவா.

அந்த நிரூபணம் சென்ற ஆண்டு என் பெயரில் வெளிவந்தது. ஒரு வரிகூட மாற்றவில்லை. அதில் பிழை எதுவும் இல்லை. முதல் நாள் மாலையே எனக்குத் தெரியும்.

திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. யாரும் கேட்காமல், நானாகவே போட்டேன்.

அவளிடம் இன்னும் காட்டவில்லை. மும்முரமாகத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கவனத்தைக் கலைப்பது நல்ல ஆசிரியருக்கு அழகல்ல.