கோடு இல்லாத தலை

நட்டு சுழன்று ஏறிவிட்டால் சரியான போல்ட் என்று பலரும் நினைக்கிறார்கள், ஐயா. அது தவறு. அரை அங்குலத் தடிமன், அங்குலத்துக்குப் பதின்மூன்று மரை என்று இரண்டும் ஒத்துப்போனால் எந்த நட்டும் ஏறும். பலத்தை போல்ட்டின் தலையில்தான் பார்க்க வேண்டும். அதில் ஆறு கோடு பொறித்திருந்தால் உறுதியான எஃகு. கோடே இல்லையென்றால் அதில் பாதிப் பாரம்தான் தாங்கும்.

யங்ஸ்டவுனில் எங்கள் இரும்புப் பட்டறையின் போல்ட் கவுண்டரில் பத்தொன்பது வருடம் இருந்தேன். போல்ட் எடுத்த எவனும் நேரே வேலைக்குப் போக மாட்டான். தலை மேலே தெரியும்படி என் முன் வைப்பான். நான் பார்த்துத் தலையசைக்க வேண்டும். கிரேன் மெக்கானிக் டுவேன் குபியாக் தினமும் கேலி செய்வான்: "கைரேகை ஜோசியரே, இதுக்கு ஆயுசு எவ்வளவு?"

பிப்ரவரியில் மேலாளர் ப்ரூயிட் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். எண்ணை அழுத்தினால் போல்ட் விழும். "ஒரு மாசம் பாப்போம், எமெட். தப்பில்லாம ஓடுச்சுன்னா கவுண்டரை மூடிடலாம்" என்றார்.

என் மனைவி மார்லீனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதற்கான காப்பீடு என் வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு யார் எடுப்பார்கள்? ஆகவே அந்த இயந்திரம் ஒரு தப்பு செய்தாக வேண்டியிருந்தது.

அதை நிரப்புவது நான்தான். அதற்குள் ஆறு கோட்டு போல்ட்டுக்கான அறையில் கோடில்லாதவற்றைப் போட்டேன்.

கிரேன் கொக்கியைத் தாங்கும் தகட்டை மாட்ட டுவேன் அதிலிருந்து நான்கு எடுத்தான். பழக்கம் விடவில்லை, கொண்டுவந்து என் முன் வைத்தான்.

"மிஷினுக்கு ரேகை பாக்கத் தெரியுமா என்ன? நீ ஒரு வார்த்தை சொல்லுப்பா, போதும்."

நான்கு தலைகளும் மொழுமொழுவென்று இருந்தன. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எதுவும் நடக்கும் முன்பே கண்டுபிடித்த தப்பை மதியத்துக்குள் மறந்துவிடுவார்கள்.

"நல்லாருக்கு, போ" என்றேன்.

தகடு கொஞ்சம் இறங்கும், யாராவது கத்துவார்கள், ப்ரூயிட் என்னைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். மொத்தப் பாரமும் டுவேன் மேல் விழும் என்று எனக்குத் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், தெரியவே தெரியாது.

மதியச் சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். பத்தொன்பது வருடமும் கிரேனுக்கு அடியில் இருந்த பெஞ்சில் டுவேனோடுதான் சாப்பிட்டேன். அன்று மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். காற்றாட இருக்கலாம் என்று தோன்றியது, ஐயா.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.