தப்பு என்னுது

எங்கள் கண்டெய்னர் அலுவலகத்தில் சரக்குப் பதிவுகள் அழிந்துபோனதற்குக் கணினியைக் கவனித்துக்கொண்ட சேகர்தான் காரணம் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். அது பொய். பதிவுகளை அழித்தது ஹார்ட் டிஸ்க்குகளை இயக்கும் ஒரு கார்டு; அதை வாங்கியவன் நான். எங்கள் கணினியில் இருந்த லினக்ஸில் அதன் டிரைவர் மென்பொருளை நம்ப முடியாது என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். அவருக்கு வேலை போயிற்று.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே இரண்டு இளைஞர்கள். ராயபுரம் தாண்டியதும் ஒருவன் சொன்னான்:

"தப்பு என்னுதுன்னு ஊருக்கே எழுதிட்டான் மாமு."

"யாருடா?"

"நம்ம டிஸ்க் கார்டுக்கு லினக்ஸ்ல டிரைவர் எழுதுனவன். கம்ப்யூட்டர்ல லோடு ஏறுனா டிஸ்க்கே காணாம பூடுதுன்னு மெயில் போட்டேன். எந்த நாட்டுக்காரனோ! அடுத்த நாளே சரிபண்ணி அனுப்பிட்டான்."

"துட்டு கேட்டானா?"

"இல்லடா, அத்த வுடு. கண்டுபுடிச்சது நான்னு என் பேரையும் போட்டுக்கீறான். உலகமே பாக்குற எடத்துல!"

"இன்னா மனுசன்டா!"

நான் திருவொற்றியூரில் இறங்க மறந்து எண்ணூர்வரை போய்விட்டேன்.

மறுநாள் வியாசர்பாடிக்குப் போய்ச் சேகரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சார்? எல்லார் எதிர்லயும்தான சொன்னீங்கோ? அங்கயே போய் சொல்லுங்கோ."

போகும் நாளை அவரிடம் சொல்லிவிட்டு, அலுவலகத்தில் எல்லோர் எதிரிலும் உண்மையைச் சொன்னேன். வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பேசி முடித்துத் திரும்பியபோது வாசலில் சேகர் நின்றிருந்தார். கேட்பதற்கு மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.