பீரங்கியும் பிரசவமும்

தொண்ணூறுகளில் ஒரு திங்கட்கிழமை காலை, நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நியூயார்க் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருந்தோம். வார இறுதி முழுக்கப் பெய்த பனி, காரையும் வேலியையும் நேற்றைய சண்டைகளையும் ஒன்றுபோல மூடியிருந்தது. எனக்கு முன்னால் குல்லாய் போட்ட இரண்டு தமிழர்கள்.

“பீரங்கிதான் ஜெயிச்சதுன்னு ஒத்துக்கிட்டேன். உடனே பனி அள்ளற ஸ்னோ ப்ளோயரைத் தள்ளிட்டு வந்துட்டார்ப்பா,” என்றார் உயரமானவர்.

“யாரு?” என்றார் மற்றவர்.

“பக்கத்து வீட்டுப் பெரியவர். செகண்ட் வேர்ல்டு வார்ல, பெல்ஜியம் காட்டுப் பனியில பீரங்கி சுட்டவர். தேங்க்ஸ்கிவிங் விருந்தன்னிக்கு அந்தக் கதையைச் சொன்னார். நான் சும்மா இருக்காம, ‘ஏரோப்ளேன்தானே ஜெயிச்சுக் குடுத்தது’ன்னுட்டேன். அதோட என்கூடப் பேசறதையே நிறுத்திட்டார்.”

“உனக்கெதுக்குய்யா இந்த வம்பு? வீட்ல மாலதிக்கு இந்த வாரம்தானே டெலிவரி?”

“அதான் பயந்துட்டேன். நேத்து ட்ரைவ்வேயில இடுப்பளவு ஸ்னோ, காரை எடுக்க முடியலை. அந்தப் போரைப் பத்தின லைப்ரரி புக் ஒண்ணு வீட்ல இருந்துது, எடுத்துப் படிச்சேன். முதல் சில நாள் ஒரே மூடுபனி, ப்ளேனே கிளம்பலையாம். பீரங்கிதான் தாங்கிப் பிடிச்சிருக்கு. நேரே போய் ஸாரி சொன்னேன்.”

“அப்புறம்?”

“அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ட்ரைவ்வே முழுக்க க்ளீன் பண்ணிக் குடுத்தார். நான் ஆபீஸ்ல இருக்கும்போது வலி வந்தா, தன்னோட ட்ரக்லயே ஹாஸ்பிடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னார்.”

“அப்ப என்ன கவலை?”

“வழியெல்லாம் பீரங்கிக் கதை சொல்வாரே! மாலதி இப்பவே சொல்லிட்டா. ட்ரக்ல ஏறி பெல்ட் போட்டதுமே, ஏரோப்ளேன்தான் ஜெயிச்சதுன்னு சொல்லிடப் போறாளாம்.”