வெயிலில் காயாத ஹெட்கார்டு

பிள்ளைகளே, இன்று கம்பம் பஸ்ஸில் என் முன்சீட்டில் குத்துச்சண்டை பழகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தோழியின் ஹெட்கார்டை, அந்தத் தோல் தலைக்கவசத்தை, மாட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, உன்னோடது மட்டும் நாறவே மாட்டேங்குது? கோச்சும் உன்னையத்தான் மெச்சுறாக."

"தெனமும் ஈரத்துணியில தொடைச்சு, ஏலக்காத் தோலு போட்டு வப்பேன்."

"வெயில்ல காயப்போடச் சொன்னேனே, போடலையா?"

"போட்டா லெதரு வெடிச்சுரும்னு உனக்குத் தெரியாதாக்கும்? வெடிச்சா நாளைக்குப் போட்டியில என்னைய ஏத்த மாட்டாக. அதுக்குத்தானே சொன்ன?"

கேட்டவள் ஹெட்கார்டைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஆமாடி, பொறாமைதான். எனக்கும் கொஞ்சம் ஏலக்காத் தோலு தாயேன்."

"தாரேன் ஆத்தா. ரிங்குல மூக்கு பத்திரம்."

வீட்டுக்கு வந்ததும், மொட்டைமாடி வெயிலில் நான் காயப்போட்டிருந்த உங்கள் இருவருடைய ஹெட்கார்டுகளையும் எடுத்துத் துடைத்து, நிழலில் அடுத்தடுத்து மாட்டினேன்.